பதினாலாயிரம் தையல்

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கு ஒரு லோகோ வாட்ஸ்அப்பில் வந்தது. விசிட்டிங் கார்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்த போட்டோ. கட்டைவிரல் பாதிப் படத்தை மறைத்திருந்தது. கீழே ஒரு வரி: "அப்படியே வேணும் மேடம்." கட்டைவிரலும் சேர்த்தா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வால்பாறைப் பக்கம் காட்டுச் சுற்றுலா நடத்துகிற கம்பெனி. பெயர் இருவாச்சி. லோகோவும் இருவாச்சிப் பறவைதான். பெரிய அலகு, அதன் மேல் ஒரு கொம்பு மேடு, முதுகுக்குப் பின்னால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறுகிற சூரியன், அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி. நூலுக்கு மெல்ல மாறத் தெரியாது. மஞ்சள் நூல் என்றால் மஞ்சள், அவ்வளவுதான். போன் போட்டுச் சொன்னேன். "பிரிண்ட்ல வருதே மேடம்" என்றார் அந்த ஆள். "பிரிண்ட்ல வருங்க, ஊசியில வராதுங்க" என்றேன். அரை மணி நேரப் பஞ்சாயத்துக்குப் பிறகு சூரியனுக்கு இரண்டு நிறம் போதும் என்று ஒத்துக்கொண்டார். எறும்பு வரியும் போனது.

இதுதான் என் வேலை. பஞ்சிங். படத்தை வாங்கி, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாக ஃபைலில் எழுதிக் கொடுப்பது. நான் சொன்னபடிதான் மெஷின் குத்தும். எங்கள் எம்ப்ராய்டரி யூனிட்டில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு சட்டையில் தைக்கிற பன்னிரண்டு தலை மெஷின் மூன்று இருக்கிறது. பஞ்சிங் ரூம் ஒன்றுதான். ஏசி இருப்பதும் அங்கேதான். பதினோரு வருடத்துக்கு முன் நூல் வெட்டுகிற வேலைக்கு இதே யூனிட்டுக்கு வந்தவள் நான். அதை யாரும் இப்போது ஞாபகம் வைத்திருப்பதில்லை. நல்லது.

ஜூன் 5, புதன்

இருவாச்சி ஜாக்கெட் லோகோ முடிந்தது. நாலரை இன்ச், பதினாலாயிரம் தையல். தடித்த ஃப்ளீஸ் துணி, நூலை அள்ளிப் போட்டாலும் தாங்கும். இறகுக்கு இறகு நூலின் சாய்வை மாற்றியிருக்கிறேன். வெளிச்சம் பட்டால் பறவை சிலிர்க்கிறது.

முதல் சாம்பிளை ஆபரேட்டர் சென்னியப்பன் அண்ணன் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு வயது. இந்த யூனிட் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் மெஷின் அவருடையது. எந்தச் சாம்பிளையும் அவர் முன்பக்கம் பார்க்க மாட்டார். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். தடவிவிட்டு, "ஏனுங் அம்மிணி, இது பறந்துருமாட்ட இருக்குதுங்" என்றார். ஓனர் மோகனசுந்தரம் சாரும் வந்து பார்த்து, "கோகிலா இல்லீன்னா இந்த யூனிட்டே இல்ல" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சொல்லட்டுமே.

எங்கள் தெருவிலேயே வேறொரு பஞ்சிங் ஆள் இருக்கிறார். ஒரு அளவுக்குச் செய்த தையல் ஃபைலை அப்படியே சுருக்கி இன்னொரு அளவுக்குக் கொடுத்துவிடுவார். படத்தைச் சுருக்கலாம், தப்பில்லை. தையல் ஃபைலைச் சுருக்கினால் அளவு குறையுமே தவிர குத்து ஒன்றுகூடக் குறையாது. இரண்டு பஸ் ஜனத்தை ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றுகிற கதை. துணி கிழியாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு அளவுக்கும் புதிதாகத்தான் பஞ்ச் செய்ய வேண்டும். சோம்பேறிகளுக்கு இந்தத் தொழில் ஆகாது.

ஜூன் 12, புதன்

நாளை விடியற்காலை நாத்தனார் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். சாயங்காலம் ஹோமத்துக்கே வந்துவிட வேண்டும் என்று கண்டிஷன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவையைப் போன வாரமே ஃபால்ஸ் அடித்து வைத்துவிட்டேன். ரவிக்கைதான் கை கொஞ்சம் பிடிக்கிறது. தையல்காரி அளவு ரவிக்கையைப் பார்த்தாளா, ஜாதகத்தைப் பார்த்தாளா தெரியவில்லை. மல்லிகைப்பூ நாலு முழம் காலையிலேயே வாங்கி யூனிட் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

நேற்று இருவாச்சிக்காரர் டி-ஷர்ட்டுக்கும் அதே லோகோ கேட்டார். மூன்று இன்ச், நானூற்றெண்பது சட்டை, அவசரம். ஓனர் காலையில் போனில் கேட்டபோது ஃபைல் ரெடி என்று சொல்லிவிட்டேன். ரெடி ஆகிவிட்டது. ஜாக்கெட் ஃபைலையே மூன்று இன்ச்சுக்குக் கொண்டுவந்தேன். அதே பறவைதானே. சட்டை மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள், அதனால் மீந்த ஃப்ளீஸ் துணியில் ஒரு சாம்பிள் போட்டுப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர் மேடம்" என்று வந்தது.

மாமியார் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டு, நான் லேட் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 13, வியாழன்

பால் நன்றாகப் பொங்கியது. புடவை எங்கே வாங்கியது என்று எல்லாரும் கேட்டார்கள்.

ஜூன் 15, சனி

இருவாச்சி டி-ஷர்ட் முடிந்து பேக்கிங் ஆயிற்று. நேரம் கொஞ்சம் இழுத்துவிட்டது என்று ஓனர் முணுமுணுத்தார். சட்டைகளைப் பார்த்தேன். லேசாகச் சுருக்கம். துணி இழுபடாமலிருக்கத் தையலுக்குப் பின்னால் வைக்கிற பேப்பர் பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்கூல் லோகோ வந்திருக்கிறது, அதில் புத்தகம், விளக்கு, பேனா, சூரியன், தாமரை, புறா எல்லாம் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் மட்டும்தான் இல்லை.

ஜூன் 26, புதன்

இருவாச்சிக்காரர் போன். இரண்டு தடவை துவைத்ததும் சட்டையில் ஓட்டை விழுகிறதாம். போட்டோ அனுப்பினார். பறவையின் கண் இருக்கிற இடத்தில் ஓட்டை. அலகின் அடியில் இன்னொன்று. கண் இருந்த இடத்தில், சட்டை போட்டிருக்கிறவரின் உள்பனியன் தெரிகிறது.

தண்ணீரில் என்ன கலக்கிறார்களோ. மலைப்பக்கத்துத் தண்ணீர்.

ஜூன் 27, வியாழன்

இராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்த சட்டைகளில் ஐம்பதை ஓனர் டேபிளில் பரப்பி வைத்திருந்தார். டீ நேரம். பதினாலு பேரும் சுற்றி நின்றோம்.

முதலில் என்னைத்தான் கேட்டார். "ஃபைல் சரியா இருக்குதா கோகிலா?"

"சத்தியமா சார்" என்றேன். அவர் சத்தியம் கேட்கவில்லை.

பிறகு சென்னியப்பன் அண்ணனிடம் திரும்பினார். டி-ஷர்ட் தைக்கிற பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி போட வேண்டும். அது இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் முனை ஊசி போட்டால் இழையை அறுத்துவிடும், துவைத்ததும் ஓட்டை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"ஊசி மாத்துனீங்களாண்ணா?"

"மாத்துனனுங். மூணாந்தலையில ஒண்ணு, எட்டாந்தலையில ஒண்ணு ஒடஞ்சுதுங். டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டேன்."

"உருண்ட முனையா, கூர் முனையா?"

"உருண்டதுன்னுதான் நெனைக்கறனுங்."

"நெனைக்கறீங்களா, தெரியுமா?"

அவர் சட்டையைக் கையில் எடுத்து ஓட்டையைப் பார்த்தார். "ஒறுதியாச் சொல்ல முடியலீங். ரெண்டு ஊசியும் பாக்க ஒண்ணாட்டத்தான் இருக்குது. கண்ணும் முன்ன மாதிரி இல்லீங்."

"உருண்டதுதான்னு சத்தியம் பண்ணுங்க. இத்தோட விட்டர்றேன்."

"தெரியாதத எப்படிங் சத்தியம் பண்றது?"

அதற்குப் பிறகு ஓனர் சத்தம் போட்டார். வயசானால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றார். சென்னியப்பன் அண்ணன் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அவர் ஊசி மாற்றியது இரண்டு தலையில். ஓட்டையோ பன்னிரண்டு தலையிலும் ஓடிய சட்டைகளில் இருக்கிறது. யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்காததை நான் எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

ஜூன் 28, வெள்ளி

கம்ப்யூட்டரில் இடம் குறைவாக இருந்தது. பழைய ஃபைல் சிலவற்றை அழித்தேன். இருவாச்சி மூன்று இன்ச்சை முதலிலிருந்து பஞ்ச் செய்து அதே பெயரில் வைத்தேன். ஆறாயிரத்து இருநூறு தையல். நன்றாக வந்திருக்கிறது. வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜூலை 1, திங்கள்

சென்னியப்பன் அண்ணனை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூல் வெட்டி, பின்னால் இருக்கிற பேப்பரைக் கிழிக்கிற பெண்களோடு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாக்கியம் தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கத்தரியை அவர் பிடிக்கிற விதமே இன்றைக்குச் சரியில்லை. நான் பதினோரு வருடத்துக்கு முன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் கத்தரி பிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யாராவது கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

ரூமை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது, போகவில்லை. மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்ரூமுக்கு அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

பன்னிரண்டாம் தேதி நான் ஒன்றை எழுதாமல் விட்டேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. அப்படியிருந்தும் விட்டேன் என்றால் யாரிடம் மறைத்தேன்?

அன்று இரண்டே முக்காலுக்கு, நான் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்துப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் அண்ணன் ரூமுக்கு வந்தார். ஃபைலை மெஷினில் ஏற்றி, கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அம்மிணி, இத்தினியூண்டு லோகோவுக்கு பதினாலாயிரம் தையல் காட்டுதுங். பனியன் துணி தாங்குமாங்?"

"சாம்பிள் அப்ரூவல் ஆயிருச்சுங்கண்ணா."

"அது கம்பளித் துணியாட்டம் தடிமனுங். இது வேற. நீங்க ஒருக்கா பாத்துட்டுப் போனா தேவலைங். சத்தமே ஒரே எடத்துல குத்தறாப்புல கேக்குது."

எனக்குப் பூ சரியாக நிற்கவில்லை. ஊக்கை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஃபைலு என் வேலை. மெஷினு உங்க வேலை. அவங்கவங்க வேலையப் பாப்போம்."

அவர், "சரிங் அம்மிணி" என்று போனார். இவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிஷம்.

இருபத்தேழாம் தேதி டேபிளைச் சுற்றி நின்றபோது அவர் இதைச் சொல்லியிருக்கலாம். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

கம்ப்யூட்டரில் இடம் நிறையவே இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மூன்று நாளாகச் சென்னியப்பன் அண்ணன் வரவில்லை. அனுப்பர்பாளையத்தில் ஏதோ பாத்திரப் பட்டறையில் பாத்திரம் அடுக்குகிறாராம். பாக்கியம் சொன்னாள். "கண்ணு தெரியலீன்னு அவரே சொல்றாருங்க்கா. பாவம்" என்றாள்.

வீட்டில் குழம்புக்கு உப்பு போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12, வெள்ளி

சுருக்கிய பழைய மூன்று இன்ச் ஃபைல் பென் டிரைவில் இருந்தது. அதையும் அழிக்கத்தான் எடுத்தேன்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிள் போடுகிற ஒற்றைத் தலை மெஷினில் நானே உருண்ட முனை ஊசியை மாட்டினேன். பெட்டியிலிருந்து புதிதாகப் பிரித்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. டி-ஷர்ட் துணியில் பழைய ஃபைலை ஒன்று ஓட்டினேன், புதிய ஃபைலை ஒன்று ஓட்டினேன். பழையது ஓடும்போது சத்தம் கேட்டது. ஒரே இடத்தில் உலக்கை போட்டு இடிக்கிற சத்தம். இதைத்தான் அவர் சொன்னார்.

இரண்டையும் பாத்ரூம் பக்கெட்டில் சோப்புப் போட்டுக் கும்மினேன். பின்பக்கத்துப் பேப்பரைக் கிழித்தேன். புதியது அப்படியே இருந்தது. பழையதில் பறவையின் கண் கழன்று என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கறுப்பு நூல் உருண்டை, மிளகு அளவு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை. பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஜூலை 13, சனி

ஓனர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். சுருக்கியது, சாம்பிளைத் தப்பான துணியில் போட்டது, சென்னியப்பன் அண்ணன் எச்சரித்தது, ஃபைலை அழித்தது, எல்லாம். இரண்டு துணியையும் மேஜை மேல் வைத்தேன். திட்டுவார், போ என்பார் என்று தயாராகப் போயிருந்தேன்.

அவர் துணியைத் தொடக்கூட இல்லை. "எனக்குத் தெரியும் கோகிலா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மெஷின் மெமரியில ஓடுன ஃபைலு கெடக்குதில்ல. மூணு இன்ச், பதினாலாயிரம். சட்டை திரும்பி வந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன். நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"அப்பறம் ஏன் சார் அவர..."

"பார்ட்டிக்கு ஒரு பதில் சொல்லோணும். பஞ்சிங்ல தப்புன்னா அடுத்த ஆர்டரு வராது. ஊசி தப்புன்னா ஆள மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம். ஆபரேட்டரு கெடைப்பாங்க. உன்ன மாதிரி இன்னொருத்தி கெடைப்பாளா? போ, போய் வேலையப் பாரு. இனிமே இப்படிப் பண்ணாத."

வெளியே வந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லிவிட்டோம், ஓனரே பார்த்துக்கொண்டார், இனி நம் மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கூட லோகோவின் புறாவுக்குக் கால் போட்டேன். ஒரு மணி நேரம் வரை அந்த நிம்மதி இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் அதிகமாக வெட்கப்படுகிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூலை 14, ஞாயிறு

அனுப்பர்பாளையத்தில் சென்னியப்பன் அண்ணன் இருப்பது வரிசை வீடு. நாலாவது கதவு. அவர் மனைவி மாராத்தாள் கதவைத் திறந்து, "வாங் அம்மிணி, வாங்" என்று பாயை விரித்து, சொம்பும் டம்ளருமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். வாசலில் அவருடைய மொபெட் துணி போட்டு மூடியிருந்தது.

சென்னியப்பன் அண்ணன் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"வண்டி ஓட்டறதில்லைங்களா அண்ணா?"

மாராத்தாள்தான் பதில் சொன்னார். "எங்கீங் ஓட்டறாரு. ரோட்டத் தாண்டறக்கே என்ற கையப் புடிக்கறாரு. கண்ணாசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போனனுங். கண்ணுல ஒண்ணுமில்ல, வயசுக்கு நல்லாவே தெரியுதுன்னுட்டாங்க. இந்த மனுசன் நம்ப மாட்டேங்கறாரு. ஊசி முனை தெரியாதவனுக்கு லாரி தெரியுமாங்கறாரு."

பையிலிருந்து இரண்டு துணியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வழக்கம்போல முன்பக்கம் பார்க்கவில்லை. திருப்பி விரலால் தடவினார். பழைய ஃபைல் ஓடிய துணியில் விரல் நின்றது.

"கட்டையாட்டம் இருக்குதுங்" என்றார்.

"ரெண்டும் உருண்ட முனை ஊசிங்கண்ணா. நானே மாட்டுனது. தப்பு உங்க ஊசியில இல்ல. ஃபைலச் சுருக்கிக் குடுத்தேன். நீங்க வந்து சொன்னீங்க. நான் கேக்கல."

அவர் துணியைப் பிடித்திருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஏங்கண்ணா நீங்க சொல்லல? எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்" என்றார். கோபமே இல்லாத குரல். "நீங்க சொல்லல. அப்பறந்தான் யோசிச்சேன். கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்திருப்பீங்க, ஃபைலு சரியாத்தான் இருந்திருக்கும், இல்லீன்னா அம்மிணி வாய மூடிட்டு நிக்குமா, அப்ப ஊசிதான் தப்புன்னு. நானே நம்பிட்டனுங். என்ற கண்ண விட உங்கள நம்பிட்டேன்."

மாராத்தாள் வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதித் தண்ணீர் அதில் இருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணா" என்றேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது.

அவர் துணியை மடித்து என்னிடமே கொடுத்தார். "எங்கிட்டச் சொல்லீட்டீங்க, சரிங். ஆனா நான் தலை குனிஞ்சது உங்க முன்னாடி மட்டும் இல்லீங்களே. பதினாலு பேரு இருந்தாங்க."

நான் எழுந்தேன். வாசல் வரை யாரும் வரவில்லை. தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது மாராத்தாள் மொபெட்டின் மேல் கிடந்த துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். உதறுகிற வேகம் என் மேல்தான்.

ஜூலை 15, திங்கள்

பதினோரு மணி டீக்கு மூன்று மெஷினும் நின்றது. டம்ளரோடு எல்லாரும் டேபிள் பக்கம் வந்தார்கள். ஓனரும் வந்தார். நான் ரூமை விட்டு வெளியே வந்தேன். வெயில் தகரக் கூரையில் இறங்கி அடிக்கிற நேரம். அந்த இருபத்தேழாம் தேதியைத் தவிர வருடக்கணக்காக அந்த நேரத்தில் நான் அங்கே நின்றதில்லை.

இராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு. வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "அந்த இருவாச்சி சட்டையில, ஃபைல்ல ஒரு தப்பு நடந்துருச்சு."

"யாருக்கா பண்ணுனது?" என்றாள் பாக்கியம். அவள் விவரம் கேட்டாள், குத்திக் காட்டவில்லை.

"நான்தான்."

பிறகு எல்லாம் வந்தது. சுருக்கினேன். சென்னியப்பன் அண்ணன் வந்து சொன்னார், பூ வைத்துக்கொண்டே அவரை விரட்டினேன். ஊசியில் தப்பில்லை. சத்தியம் பண்ணியது பொய். ஃபைலை அழித்தேன். இரண்டு துணியையும் டேபிளில் வைத்தேன். எல்லாரும் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். அவரைப் போலவே திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள். அவர்தானே இவர்களுக்கெல்லாம் பழக்கினார்.

ஓனர் முகம் சிவந்துவிட்டது. தனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லிவிடுவேனோ என்று பார்த்தார். நான் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அவர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பாக்கியம் மட்டும், "நானும் அவரப் பாவம்னு சொல்லீட்டனேக்கா" என்று அழுதாள். டீ குடித்து முடித்து ஒவ்வொருவராக மெஷினுக்குப் போனார்கள். யாருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஓனர் பேசவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "வரச் சொல்லு அவர" என்றார். அவரே போன் செய்ய வேண்டும் என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம். பத்து நிமிஷம் கழித்து உள்ளே அவர் போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 18, வியாழன்

காலை எட்டரைக்கு மொபெட் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டு வந்தார்.

முதல் வேலையே இருவாச்சிதான். நானூற்றெண்பது சட்டையையும் புதிதாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். பென் டிரைவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஷினில் ஏற்றி எண்ணிக்கையைப் பார்த்தார். ஆறாயிரத்து இருநூறு. மெஷினை ஓட விடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மொத பீஸு எறங்கற வரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மற்ற இரண்டு மெஷின்காரர்களுக்கும் காதில் விழுந்தது. நின்றேன். பத்து நிமிஷம். வியர்வை முதுகில் வழிந்தது. பஞ்சு பறந்து புடவையெல்லாம் ஒட்டியது. சட்டை இறங்கியதும் திருப்பித் தடவிவிட்டு என் கையில் கொடுத்தார். நானும் தடவிப் பார்த்தேன். எதைத் தேடுவது என்று பதினோரு வருடத்தில் முதல் தடவையாக விரலுக்குத் தெரிந்தது.

"சரிங்களா?" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன்.

"அப்ப ஓட்டறேன்."

ஜூலை 20, சனி

இன்றைக்கு மூன்று புது ஃபைல். மூன்று தடவை போய் நின்றேன். மற்ற இரண்டு மெஷின்காரர்களும் இப்போது அதையே கேட்கிறார்கள். ரூமில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, நான் அங்கே இல்லை.

சென்னியப்பன் அண்ணன் வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வராது, அதையே எத்தனை தடவை கேட்பது? மூன்றாவது ஃபைல் பெரியது, ஒரு கோயில் கமிட்டிக்கு, முதுகு முழுக்க. முதல் பீஸ் இறங்க முக்கால் மணி ஆகும். இருபது நிமிஷம் போயிருக்கும். நூல் ஓடுவதிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் தன்னுடைய ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு உட்கார வெட்கமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.